வாயால் சொன்னதுதானே?



சில வாரங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்து ஒரு தம்பி என்னிடம் வந்தார். நம் ஊரில் விசைத்தறி ஓட்டுபவர். வளைகுடா போக பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க இருந்தவர். அத்தாவின் வீட்டைப் பிரிப்பதில் அண்ணனோடு தகராறு. கோபத்தில் "உன் சோலிய முடிச்சிருவேன்" என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிட்டார். அண்ணன் போனோடு காவல் நிலையம் போய்விட்டார்.

"ஹஜ்ரத், நான் கையே ஓங்கலையே. வாயால சொன்னதுதானே? அதுக்கு எப்படி அடிதடி கேஸ் வரும்?" என்றார்.

நம்மில் பலர் நினைப்பதும் இதுதான். இதில் பாதிதான் சரி.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 130-ஆம் பிரிவு, 'தாக்க முனைதல்' என்ற குற்றத்தைச் சொல்கிறது. வெறும் வார்த்தை அந்தக் குற்றம் ஆகாது என்று அந்தப் பிரிவே விளக்குகிறது. ஆனால் ஒருவன் கம்பைக் கையில் எடுத்துக்கொண்டு அடிப்பேன் என்று சொன்னால்? அடி விழாவிட்டாலும், அந்தச் செய்கைக்கு வார்த்தை பொருள் கொடுத்துவிடுகிறது. அது தாக்க முனைதல் ஆகலாம். 1860-இல் இயற்றிய பழைய தண்டனைச் சட்டத்திலும் இதே உதாரணம் இருந்தது. தண்டனை மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தம்பி இதைக் கேட்டு நிம்மதியடைந்தார். நான் அடுத்ததையும் சொன்னேன்.

351-ஆம் பிரிவு 'குற்றமுறு மிரட்டல்'. இதற்குக் கை அசைய வேண்டியதே இல்லை. உடலுக்கோ, மானத்துக்கோ, சொத்துக்கோ கேடு செய்வதாக, திகிலூட்டும் எண்ணத்தோடு எந்த வழியில் மிரட்டினாலும் குற்றம். நேரில் சொன்னாலும் சரி, போனில் அனுப்பினாலும் சரி. சாதாரண மிரட்டலுக்கு இரண்டு ஆண்டு வரை. கொல்வேன், கொடுங்காயம் செய்வேன் என்றால் ஏழு ஆண்டு வரை. கம்பை ஓங்கியவனுக்கு மூன்று மாதம். வாயால் கொல்வேன் என்றவனுக்கு ஏழு ஆண்டு வரை! நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

கோபத்தில் வாய் தவறிய ஒவ்வொரு சொல்லும் இதில் வராது. எண்ணத்தை நிரூபிக்க வேண்டும். பெங்களூரு போக்குவரத்துக் காவல்துறையின் ஃபேஸ்புக் பக்கத்தில், ஓர் அதிகாரி தங்களை மோசமாக நடத்தியதாக ஒரு தம்பதியர் எழுதியதற்கு மிரட்டல் வழக்குப் போட்டார்கள். 2015-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. திகிலூட்டும் எண்ணம் அங்கே இல்லை. ஆனால் வீட்டுத் தகராறு நடக்கும்போது, பங்கு கேட்கும் அண்ணனுக்கு அனுப்பிய குரல் பதிவை நீதிமன்றம் அப்படிப் பார்க்குமா?

மார்க்கம் இன்னும் நுட்பமாகப் பார்க்கிறது. ஒரு பயணத்தில் தூங்கிக்கொண்டிருந்த தோழரின் கயிற்றைச் சிலர் விளையாட்டாக எடுக்க, அவர் திடுக்கிட்டார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிட வைப்பது இன்னொரு முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது. அங்கே மிரட்டலும் இல்லை, பகையும் இல்லை. அந்த ஒரு நொடி பயத்தையே பெருமானார் பொருட்படுத்தினார்கள்.

ஆதம் (அலை) அவர்களின் இரு மக்கள் சம்பவத்தை அல்மாயிதா அத்தியாயத்தில் ஓதிப் பாருங்கள். கொலைக்கு முன் அண்ணன் வாயிலிருந்து வந்தது கொல்வேன் என்ற சொல். அதுவும் உடன்பிறந்தவனிடம்.

அன்று மஃரிபுக்குப் பிறகு நான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்க நேரமானது. "ஹஜ்ரத்தா? தம்பின்னு நினைச்சோம். ஒரு வாரமா பொழுது சாஞ்சா உள்ள பூட்டிக்கிறோம்" என்றார் அண்ணனின் மனைவி. பிள்ளைகள் ஓதவும் வரவில்லை.

திரும்பி வந்து தம்பியிடம் இதை மட்டும்தான் சொன்னேன். அவர் வெகுநேரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு, "நாளைக்கு என்கூட அண்ணன் வீட்டுக்கு வர்றீங்களா ஹஜ்ரத்?" என்று கேட்டார்.