எடை குறைந்த சக்கரம்: அழகு பார்த்தா, கணக்குப் பார்த்தா?



டிப்ளமோ முடித்து ஒர்க்‌ஷாப்பிலோ டயர் கடையிலோ வேலைக்குச் சேரும் நம்மில் பலரிடம் கட்டாயம் வரப்போகும் கேள்வி ஒன்று உண்டு. "தம்பி, வெயிட் கம்மியான அலாய் வீல் போட்டா வண்டி பறக்குமாமே, எதைப் போடலாம்?" கேட்பவர் கோவில்பட்டி வியாபாரியாகவும் இருக்கலாம், பந்தயத் தடத்தில் ஓட்ட ஆசைப்படும் இளைஞராகவும் இருக்கலாம். நாம் சொல்லும் பதிலை நம்பித்தான் ஒரு குடும்பம் அந்தக் காரில் ஏறப் போகிறது. ஆகவே விளம்பரப் படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, நாம் படித்த மெக்கானிக்ஸை வைத்தே இதற்கு விடை காண்போம்.

பந்தயத்தில் பிறந்த ஆசை

1924இல் வந்த புகாட்டி டைப் 35 பந்தயக் காரில் அலுமினிய வார்ப்புச் சக்கரங்கள் இருந்தன. நம் மாநிலத்திலும் இந்த ஆசைக்கு வரலாறு உண்டு. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்திலேயே பல ஆண்டுகள் கார் பந்தயம் நடந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. கோயமுத்தூர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரை உருவாக்கினார். அவர் 1995இல் மறைந்த பிறகு, செட்டிபாளையத்தில் அமைந்த தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே கோயமுத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அன்று அவர் ஓட்டிய காரின் ரிம் 13 அங்குலம்தான்! 2022இல்தான் அங்கே 18 அங்குலம் வந்தது. பெரிய வீல் போட்டால்தான் வேகம் என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு செய்தியே போதும்.

எடை எப்படிக் குறைகிறது?

இரும்பின் அடர்த்தி 7.85, அலுமினியம் 2.7, மெக்னீசியம் 1.8 (ஒரு கன செ.மீ.க்கு கிராம்). அப்படியானால் அலாய் வீல் மூன்றில் ஒரு பங்கு எடைதானே இருக்க வேண்டும்? இருக்காது. அலுமினியத்தின் யங் குணகம் சுமார் 70 ஜிகா பாஸ்கல், இரும்புக்கோ சுமார் 200. வளையாமல் தாங்க வேண்டுமானால் அலுமினியத்தைத் தடிமனாகப் போட வேண்டியிருக்கிறது. அதனால்தான் சாதாரண வார்ப்பு அலாய் வீல் சில, அதே அளவு இரும்பு வீலின் எடைக்கே வந்து நிற்கின்றன. 'அலாய்' என்ற பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

செய்முறை மூன்று வகை. முதலாவது வார்ப்பு: உருகிய உலோகத்தை அச்சில் விடுவது. விலை குறைவு. ஆனால் உள்ளே நுண்துளை இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டாவது ஃப்ளோ ஃபார்மிங்: வார்த்த வீலின் ரிம் பகுதியைச் சூடாக்கி உருளைகளால் அழுத்தி இழுப்பது. உலோகம் இறுகுவதால் மெல்லிய ரிம்மே போதுமானதாகிறது. மூன்றாவது ஃபோர்ஜிங்: உலோகக் கட்டியைப் பெரும் அழுத்தத்தில் அடித்து உருவாக்கிக் கடைவது. எடையும் குறைவு, வலிமையும் அதிகம், விலையோ கேட்கவே வேண்டாம். நம்ம கழுகுமலை வெட்டுவான் கோயில் சிற்பி வேண்டாத கல்லை மட்டும் எடுத்தான். வேண்டிய கல்லில் கை வைத்திருந்தால் கோயில் ஏது? வீலில் எடை குறைப்பதும் அதே மாதிரிதான்.

"ஒரு கிலோ பத்து கிலோவுக்குச் சமம்" – உண்மையா?

வீலில் ஒரு கிலோ குறைத்தால் பாடியில் பத்து கிலோ குறைத்த மாதிரி என்று கடையில் சொல்வார்கள். கணக்குப் போடுவோம். உருளும் சக்கரத்தின் இயக்க ஆற்றல் = ½mv² + ½Iω². இதில் I = mk², ω = v/R. ஆகவே எடை m(1 + k²/R²) போல நடந்துகொள்ளும். டயரின் ஆரம் R = 0.31 மீட்டர், வீலின் சுழற்சி ஆரம் k = 0.16 மீட்டர் என்று வைத்தால், விடை 1.27. எடை முழுவதும் டயரின் வெளி விளிம்பில் இருந்தாலும் 2ஐத் தாண்டாது. பத்து எங்கே, இரண்டு எங்கே!

ஒரு வீலுக்கு 3 கிலோ குறைத்தால் நான்குக்கும் 12 கிலோ. 1.27ஆல் பெருக்கினால் சுமார் 15 கிலோ. 1,000 கிலோ காரில் இது 1.5 சதவீதம். முடுக்கத்தில் கிடைப்பது அவ்வளவுதான்.

அப்படியென்றால் லாபமே இல்லையா? உண்டு. அது ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடையில் இருக்கிறது. ஒரு மூலையில் வீல், டயர், பிரேக், ஹப் எல்லாம் சேர்ந்து 35 கிலோ என்போம். 3 கிலோ குறைந்தால் 32. டயரின் விறைப்பும் ஸ்பிரிங்கின் விறைப்பும் சேர்த்து மீட்டருக்கு 2,20,000 நியூட்டன் என்று கொண்டால், சக்கரம் துள்ளும் அதிர்வெண் 12.6 ஹெர்ட்ஸிலிருந்து 13.2க்கு ஏறுகிறது. அதாவது மேட்டில் ஏறிய சக்கரம் சீக்கிரம் ரோட்டுக்குத் திரும்புகிறது. டயர் ரோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால்தானே பிரேக்கும் ஸ்டியரிங்கும் வேலை செய்யும்!

கரிசல் ரோடு என்ன சொல்கிறது?

கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் போட்ட ரோடு நாளடைவில் அலை அலையாக ஆவதும், பாலத்துக்கு முன்னால் அமுங்குவதும் இயல்பு. நாற்கரச் சாலையை விட்டு ஊருக்குள் திரும்பினால் இதைப் பார்க்கலாம்.

இப்போது டயர் அளவைப் பாருங்கள். 185/65 ஆர் 15 டயரின் பக்கச் சுவர் உயரம் 120 மி.மீ. மொத்த விட்டம் 621.5 மி.மீ. அதையே 205/45 ஆர் 17 ஆக்கினால் விட்டம் 616 மி.மீ., கிட்டத்தட்ட அதேதான். ஆனால் பக்கச் சுவர் 92 மி.மீ.தான். குழியில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றும் ரப்பர் 28 மி.மீ. குறைந்துவிட்டது. ரிம்மோ பெரிதாகி எடையும் கூடிவிடுகிறது. ஆகவே நம் பகுதிக்கு நான் சொல்வது: கம்பெனி அளவு 15 என்றால் 15லேயே இருங்கள். அதே அளவில் எடை குறைந்த, நல்ல வீலைத் தேடுங்கள்.

இரும்பு வீல் அடிபட்டால் பெரும்பாலும் நெளியும். பெண்டு எடுத்து ஓட்டலாம். வார்ப்பு அலாய் அடி பலமானால் விரிசல் விடும். விரிசலுக்கு வெல்டு வைத்து விற்பவர்களும் உண்டு. ஆனால் டி6 என்ற வெப்பப் பதப்படுத்தலில் வந்த வலிமை வெல்டிங் சூட்டில் அந்த இடத்தில் போய்விடும். வெல்டு வைத்த அலாயைத் தொடவே தொடாதீர்கள்.

பொருத்தும் முன் பார்க்க வேண்டியவை

1. போல்ட் வட்டம்: மாருதி ஸ்விஃப்ட் காருக்கு 4×100. ஃபியட் பாலியோவுக்கு 4×98. ஆரத்தில் 1 மி.மீ.தானே வித்தியாசம் என்று முறுக்கி ஏற்றினால் நட்டு நேராக உட்காராது, ஓட ஓடத் தளரும்.

2. நடுத்துளை: ஸ்விஃப்டில் 54.1 மி.மீ. வீலின் துளை பெரிதாக இருந்தால் ஹப் ரிங் போடலாம். சிறிதாக இருந்தால் அந்த வீல் வேண்டாம்.

3. ஆஃப்செட்: கம்பெனி அளவை ஒட்டியே இருக்கட்டும். வீல் வெளியே தள்ளிப்போனால் பேரிங்குக்குச் சுமை கூடும், ஸ்டியரிங் இழுக்கும்.

4. சுமைத் திறன்: முழுச் சுமையில் முன் அச்சு 750 கிலோ தாங்கினால் ஒரு வீலுக்கு 375 கிலோ. வீலின் உள்பக்கம் பொறித்திருக்கும் எண் இதைவிடத் தாராளமாக இருக்க வேண்டும். எண்ணே இல்லாத வீல் வேண்டவே வேண்டாம்.

5. நட்டு: கூம்பு வடிவமா, உருண்டையா என்று வீலின் இருக்கையோடு ஒத்துப் பாருங்கள். டார்க் ரெஞ்சில், காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு, எதிரெதிராக முறுக்குங்கள். 100 கி.மீ. ஓடுவதற்குள் மறுபடி சரிபார்க்கவும்.

6. முத்திரை: ஐ.எஸ்.ஐ. குறியைப் பாருங்கள். ஜப்பான் வீலில் ஜே.டபிள்யூ.எல். என்பது தயாரிப்பாளரே தரும் உறுதி. வி.ஐ.ஏ. என்பது வெளியார் சோதித்தது.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அளவு மாறாமல் இருப்பதே எல்லா வகையிலும் நல்லது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிட வேண்டும்.

நண்பர்களே! "கஸ்டமர் கேட்டார், போட்டேன்" என்பது ஹெல்பர் சொல்லும் பதில். டிப்ளமோக்காரன் தராசையும் வெர்னியரையும் எடுத்து, கணக்கைக் காட்டி, வேண்டாததை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஒரு வியாபாரம் கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை. நாம் முறுக்கிய நான்கு நட்டை நம்பி ராத்திரியில் எண்பதில் போகிறவர் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும். அதற்குத்தானே மூன்று வருஷம் படிக்கிறோம்!