கைக்குழந்தையுடன் கேளிக்கைப் பூங்காவுக்கு: பல நாள் விடுமுறைக்கு முன் பெற்றோர் அறிய வேண்டியவை

பள்ளி விடுமுறை நெருங்கும் மாதங்களில் எம்மிடம் வரும் பெற்றோர் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "டொக்டர், சின்னவனுக்கு எட்டு மாதம். மூத்த பிள்ளைகள் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பார்க்க வேண்டும் என்று நிற்கிறார்கள். நாலைந்து நாள் சிங்கப்பூரில் நிற்கப் போகிறோம். இவனையும் கொண்டு போகலாமா?"

சில குடும்பங்களுக்கு இந்தப் பயணத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது. எம்மிடையே பர்மாவில் பிறந்த தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவர்களில் சிலரின் பெற்றோர் இன்னும் யங்கூனின் லைங் தாயாவில் வாழ்கிறார்கள். 2021 மார்ச் 14 அன்று அங்கே பலர் சுட்டுக் கொல்லப்பட்டு இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. அதன்பின் கைக்குழந்தையை அந்த ஊருக்குக் கொண்டு போக இவர்கள் துணிவதில்லை. யங்கூனிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேர விமானப் பயணத்தில் தாத்தாவும் பாட்டியும் சிங்கப்பூருக்கு வருகிறார்கள். இங்கிருந்து மகனோ மகளோ பிள்ளைகளுடன் போகிறார்கள். மூத்த பிள்ளைகளுக்குப் பூங்கா, பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளையின் முகம். இப்படிப்பட்ட பயணத்தை "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவது எளிதல்ல.

ஆகவே "போகாதீர்கள்" என்று நாம் சொல்லப் போவதில்லை. எப்படிப் போவது என்பதையே இங்கே பார்ப்போம்.

எந்த வயதில் போகலாம்?

மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தையைக் கூட்டம் நிறைந்த பூங்காவுக்குக் கொண்டு போகாமல் இருப்பதே நல்லது. அந்த வயதில் காய்ச்சல் வந்தால், காரணம் சாதாரணச் சளியா, இரத்தத்தில் பரவிய கிருமியா என்று பார்த்தவுடன் வைத்தியராலும் சொல்ல முடியாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இருதயக் கோளாறோ நுரையீரல் கோளாறோ உள்ள குழந்தை என்றால், விமானச் சீட்டு வாங்கும் முன்பே வைத்தியரைப் பாருங்கள். ஆறு மாதம் தாண்டிய, நிறை ஒழுங்காக ஏறிவரும் குழந்தைக்குப் பயணம் பொதுவாகத் தடையில்லை.

தடுப்பூசி: பெட்டி அடுக்கும் முன் செய்யும் வேலை

2014 டிசம்பர் 17 முதல் 20 வரை அமெரிக்காவின் கலிபோர்னியா டிஸ்னிலாந்து பூங்காக்களுக்குப் போனவர்களிடையே சின்னமுத்து, அதாவது தட்டம்மை, பரவத் தொடங்கியது. கலிபோர்னியாவில் முதலில் ஆராயப்பட்ட 110 நோயாளிகளில் 12 பேர் தடுப்பூசி வயதை எட்டாத குழந்தைகள். 49 பேர் தடுப்பூசியே போடாதவர்கள். அமெரிக்காவில் மொத்தம் 147 பேருக்கு நோய் வந்தது. அங்கே போய்த் திரும்பியோரால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 159 பேருக்குப் பரவியது. சின்னமுத்து வந்தவர் ஓர் அறையை விட்டுப் போன பின்னும் இரண்டு மணி நேரம் வரை அதன் கிருமி காற்றில் நிற்கக் கூடியது. உலகெங்குமிருந்து ஆட்கள் வந்து ஒரே வரிசையில் நிற்கும் இடத்தில் இது எவ்வளவு எளிதில் பரவும் என்று எண்ணிப் பாருங்கள்.

இது பழைய கதை அல்ல. சின்னமுத்தை ஒழித்த நாடு என்ற தகுதியைக் கனடா 2025 நவம்பரில் இழந்தது.

சின்னமுத்துத் தடுப்பூசி பல நாடுகளில் 12 மாதத்தில்தான் வழமையாகப் போடப்படுகிறது. ஆனால் வெளிநாடு போகும் 6 முதல் 11 மாதக் குழந்தைக்கு ஓர் ஊசியை முன்கூட்டியே போடலாம். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகப் போட்டால் உடல் எதிர்ப்புச் சக்தியை உருவாக்க நேரம் கிடைக்கும். இந்த முன்னூசி வழமையான இரண்டு ஊசிகளின் கணக்கில் சேராது. அவற்றைப் பின்னர் உரிய வயதில் போட்டே ஆக வேண்டும். ஆறு மாதம் கடந்த பிள்ளைக்கும் வீட்டில் எல்லோருக்கும் சளிக்காய்ச்சல் ஊசியும் போட்டுக்கொள்வது நல்லது.

தாத்தா, பாட்டியின் உடல்நலம்

இதைச் சொல்லச் சிறிது தயக்கம்தான். ஆயினும் சொல்ல வேண்டியது எமது கடமை. பேரப்பிள்ளையை முதன்முதலில் தூக்கி முத்தமிடப் போகும் பெரியவருக்கு நீண்ட நாள் இருமல் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேளுங்கள்.

காசநோய் அதிகமுள்ள நாடுகளில் மியன்மாரும் ஒன்று. 2014 குடிசனக் கணக்கெடுப்பில் லைங் தாயாவில் மட்டும் 6,87,867 பேர் இருந்தார்கள். யங்கூன் நகரியங்களில் மக்கள் தொகை மிகுந்தது அதுவே. நெருக்கமான வீடுகளில் காசநோய் யாருக்கும் வரலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வளர்ந்தவர் மாதக்கணக்கில் இருமலோடு நடமாடுவார். அதே கிருமி ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் போனால் மூளையுறை வரை பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, நிறை குறைதல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால், புறப்படும் முன் சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லுங்கள். மியன்மாரில் பிறக்கும் பிள்ளைகளுக்கு பி.சி.ஜி. ஊசி போடுவார்கள், நாம் வாழும் நாடுகள் பலவற்றில் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் போடப்படுவதில்லை. உங்கள் பிள்ளைக்கு அது வேண்டுமா என்று குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள்.

அடுத்தது கக்குவான். பெரியவர்களுக்கு அது வெறும் இருமலாகத் தெரியும். கைக்குழந்தைக்கு மூச்சே நின்றுபோகலாம். குழந்தையைத் தூக்கப் போகும் எல்லோரும் சந்திப்புக்கு இரண்டு வாரம் முன்னதாகக் கக்குவான் ஊசி போட்டிருப்பது சிறந்தது.

விமானத்தில்

விமானம் இறங்கும்போதுதான் குழந்தையின் காது அதிகம் வலிக்கும். இறங்கத் தொடங்கியதும் பால் கொடுங்கள். விழுங்கும்போது காதின் அழுத்தம் சமப்படும். காது வலியோ காதிலிருந்து நீர் வடிதலோ இருந்தால் பறப்பதற்கு முன் காட்டுங்கள். தூங்க வைப்பதற்கென்று ஒவ்வாமை மருந்தோ இருமல் பாணியோ கொடுக்க வேண்டாம். அது சிறு குழந்தையின் மூச்சை மந்தமாக்கும்.

வெப்பமும் நீரும்

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 31 முதல் 33 பாகை வரை இருக்கும். காற்றில் ஈரமும் அதிகம். குழந்தையின் உடல் எம்முடையதைவிட விரைவில் சூடேறும். "எனக்கு வேர்க்கிறது" என்று சொல்லவும் அதற்குத் தெரியாது.

தள்ளுவண்டியைத் துணியால் மூடுவது எம்மவரிடம் உள்ள பழக்கம். வெயில் படாது என்று நினைக்கிறோம். உள்ளே காற்றோட்டம் நின்று வண்டி அடுப்பாகிறது. மூடாமல் நிழலில் நிறுத்துங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு நிழலும் தொப்பியும் மெல்லிய பருத்திச் சட்டையுமே பாதுகாப்பு. அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு வெயில் களிம்பும் பூசலாம்.

"வெக்கைக்குக் கொஞ்சம் தண்ணீர் பருக்கினால் என்ன?" என்று பாட்டி கேட்பார். ஆறு மாதத்துக்குள் வேண்டாம். தாய்ப்பாலிலேயே போதிய நீர் உண்டு. அடிக்கடி கொடுத்தால் போதும். வெறும் நீரை அதிகம் கொடுத்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து வலிப்பு வரலாம். பால்மாவை அதிக நீரில் கரைத்தாலும் அதே ஆபத்துத்தான்.

பால்மா கொடுப்பவர்கள் கொதித்து ஆறிக்கொண்டிருக்கும் நீரை, 70 பாகைக்குக் கீழே இறங்கும் முன், பயன்படுத்தி மாவைக் கரைத்து, பின் ஆற வையுங்கள். கரைத்த பாலை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். குடித்து மிஞ்சியதை ஒரு மணி நேரத்தில் ஊற்றிவிடுங்கள். பூங்காவுக்கு சுடுநீரைப் போத்தலிலும், அளந்த மாவைத் தனியாகவும் கொண்டு போவது வசதி.

பூங்காவுக்குள்

சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் 2010இல் செந்தோசாத் தீவில் திறக்கப்பட்டது. நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு நுழைவுச் சீட்டு இல்லை. ஆனால் பெரிய சவாரிகளுக்கு உயர எல்லை உண்டு: டிரான்ஸ்போர்மர்ஸ் சவாரிக்கு 102 சென்ரிமீற்றர், மம்மி சவாரிக்கு 122, பேட்டில்ஸ்டார் சவாரிக்கு 125. கைக்குழந்தைக்கு இவை எதுவும் இல்லை. மெதுவாகச் சுற்றும் சவாரியில் அனுமதித்தாலும், கழுத்து இன்னும் உறுதிப்படாத பிள்ளையை ஏற்ற வேண்டாம். திடீரென்று குலுங்குவது மூளைக்குத் தீங்கு.

குழந்தையுடன் வருவோருக்கு ஒரு வசதி இருக்கிறது. தாயும் தகப்பனும் மூத்த பிள்ளைகளுடன் வரிசையில் நின்று, ஒருவர் சவாரி போக மற்றவர் குழந்தையுடன் காத்திருந்து, பின் மறுபடி வரிசையில் நிற்காமல் மாறிக்கொள்ளலாம். வாசலில் நிற்கும் பணியாளரிடம் கேளுங்கள். வெடிச்சத்தமுள்ள காட்சிகளுக்குக் குழந்தையை உள்ளே கொண்டு போகாதீர்கள்.

நெஞ்சில் கட்டும் துணிப்பையில் குழந்தையைச் சுமப்பவர்கள், அதன் முகம் எப்போதும் தெரியும்படியும், தாடை நெஞ்சில் மடியாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாகனம் பற்றியும் ஒரு சொல். சிங்கப்பூரில் 1.35 மீற்றருக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் காரில் சிறுவர் ஆசனம் கட்டாயம். டாக்சிக்கு மட்டும் சட்டத்தில் விலக்கு உண்டு. விபத்துக்கு அந்த விலக்குத் தெரியாது. முடிந்தால் ரயிலில் ஹார்பர்பிரண்ட் வரை போய், அங்கிருந்து செந்தோசா ரயிலில் ஏறுங்கள்.

நாட்களை எப்படிப் பிரிப்பது?

ஐந்து நாள் பயணத்துக்கு ஓர் ஒழுங்கைத் தருகிறோம்.

முதல் நாள்: ஓய்வு மட்டும். தாத்தா, பாட்டியுடன் விடுதியில் இருங்கள்.
இரண்டாம் நாள்: கதவு திறந்ததும் பூங்காவுக்குள் போய், பகல் ஒரு மணிக்குள் குழந்தையுடன் ஒருவர் விடுதி திரும்பட்டும். மற்றவர் மூத்த பிள்ளைகளுடன் நிற்கலாம்.
மூன்றாம் நாள்: பூங்கா வேண்டாம். 2025 ஜூலையில் திறக்கப்பட்ட சிங்கப்பூர் ஓஷனேரியம் போன்ற குளிரூட்டிய இடமொன்று போதும்.
நான்காம் நாள்: விரும்பினால் மீண்டும் அரைநாள் பூங்கா.
ஐந்தாம் நாள்: ஓய்வு, புறப்பாடு.

விடுதியில் குழந்தைக்குத் தனித் தொட்டிலை முன்கூட்டியே கேளுங்கள். மல்லாக்காகப் படுக்க வையுங்கள். தலையணை, தடித்த போர்வை வேண்டாம். பேரப்பிள்ளையைப் பக்கத்தில் போட்டுத் தூங்கப் பெரியவர்கள் ஆசைப்படுவார்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மடியில் இருக்கட்டும், தூக்கம் தொட்டிலில்.

மருந்துப் பை

பரசிற்றமோல் பாணி, வெப்பமானி, உப்புக்கரைசல் பொடி, நுளம்புவலை, குழந்தையின் தடுப்பூசி அட்டை, குழந்தையின் பெயரும் சேர்ந்த பயணக் காப்புறுதி. இவை போதும்.

பரசிற்றமோல் பற்றிக் கவனம் தேவை. நிறையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் ஒரு வேளை அளவு; நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி; ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் இல்லை. ஒரு நாட்டுப் போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் இருக்கும்; இன்னொன்றில் 250 இருக்கும்; சொட்டு மருந்தில் ஒரு மில்லிலீற்றரிலேயே 100 இருக்கும். பாட்டி யங்கூனிலிருந்து கொண்டு வந்த போத்தலை உங்கள் கரண்டியால் அளந்தால் அளவு இரட்டிப்பாகலாம். ஒரே போத்தலை, அதன் சொந்த அளவுகருவியுடன் பயன்படுத்துங்கள். சிங்கப்பூரில் டெங்கு உண்டு. ஆகவே அங்கு காய்ச்சல் வந்தால் ஐபுபுரோபனும் அஸ்பிரினும் வேண்டாம்.

அன்போடு கொண்டு வரும் தேன், கற்பூரத் தைலம், கண்மை ஆகியவற்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பயன்படுத்த வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் போட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். கற்பூரம் வலிப்பைத் தரும்; சில கண்மைகளில் ஈயம் உண்டு.

வயிற்றோட்டம் வந்தால் பாலை நிறுத்தாமல், உப்புக்கரைசலையும் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். பொடியை உறையில் எழுதியுள்ள அளவு நீரில் மட்டும் கரையுங்கள். இடம்பெயர்ந்து முகாம்களில் வாழ்ந்த நாட்களில் எத்தனையோ கைக்குழந்தைகளைக் காப்பாற்றியது இந்தப் பொடியும் கொதித்தாறிய நீரும் பொறுமையான ஒரு தாயின் கையும்தான். வேறு எந்த மருந்தும் அந்த அளவு உதவியதை நாம் கண்டதில்லை.

எப்போது மருத்துவமனைக்கு?

1. மூன்று மாதத்துக்குள் 38 பாகையோ அதற்கு மேலோ காய்ச்சல்.
2. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் 39 பாகையோ அதற்கு மேலோ காய்ச்சல்.
3. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, உச்சிக்குழி பதிதல், அழும்போது கண்ணீர் இல்லாமை.
4. வேகமான மூச்சு, நெஞ்சு உள்வாங்கல், உதடு நீலமாதல்.
5. எழுப்பக் கடினமான தூக்கம், வலிப்பு, பச்சை நிற வாந்தி, இரத்தம் கலந்த மலம்.

சிங்கப்பூரில் அவசர அழைப்பு எண் 995. லிட்டில் இந்தியாவுக்கு அருகிலுள்ள கே.கே. மகளிர், சிறுவர் மருத்துவமனையில் பிள்ளைகளுக்கான அவசரப் பிரிவு இரவு பகலாக இயங்குகிறது. வெளிநாட்டவருக்குக் கட்டணம் முழுமையாக அறவிடப்படும். காப்புறுதியை மறக்க வேண்டாம் என்பது இதனால்தான்.

வீடு திரும்பிய பின் மூன்று வாரத்துக்குள் குழந்தைக்குக் காய்ச்சலோடு கண் சிவந்து, உடம்பில் தடிப்பு எழும்பினால் சின்னமுத்தாக இருக்கலாம். நேரே காத்திருப்பு அறைக்கு வந்து அமராதீர்கள். முதலில் தொலைபேசியில் சொல்லுங்கள். தனி வழியால் அழைத்துப் பார்ப்போம். அங்கே வேறு கைக்குழந்தைகளும் காத்திருப்பார்கள்.

பூங்காவின் சவாரிகள் எதுவும் உங்கள் கைக்குழந்தையின் நினைவில் நிற்கப் போவதில்லை. ஆனால் தாத்தா, பாட்டி ஊர் திரும்பிய பின்னும் அந்தப் பிள்ளையின் சிரிப்பைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நேரம் போதாவிட்டால் ஒரு சவாரியைக் குறையுங்கள். பெரியவர்களுடன் இருக்கும் நேரத்தைக் குறைக்காதீர்கள்.

இங்கே சொன்னவை பொதுவான ஆலோசனைகள். பயணத்துக்கு ஆறு வாரம் முன்னதாக உங்கள் குடும்ப வைத்தியரைச் சந்தித்து, உங்கள் பிள்ளைக்கு ஏற்றதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பயணம் இனிதே அமைய வாழ்த்துகள்.