அகலமான புல்வெட்டி அதிகம் ஈட்டுமா?

அமெரிக்கப் புறநகர்களில் வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று புல்வெளிகளை வெட்டிச் சீராக்கித் தரும் தொழில், சிறு முதலீட்டைக்கொண்டே தொடங்கத்தக்க தொழில்களுள் ஒன்றாக நெடுங்காலமாகக் கருதப்பட்டுவருகிறது. இதில் இறங்குவோர் முதலில் எதிர்கொள்ளும் பெரிய செலவு புல்வெட்டி ஆகும். அதை வாங்குகையில், இயந்திரத்தின் பின்னால் நடந்து செலுத்தும் நடைவகையா, அதன்மேல் ஏறி அமர்ந்து ஓட்டும் அமர்வுவகையா என்ற கேள்வி எழுகிறது. நடைவகையில் 21 அங்குல, அதாவது ஏறத்தாழ 53 சென்டிமீட்டர் அகலத்தை வெட்டும் சிறிய இயந்திரங்கள் முதல், 36 அங்குலமும் அதற்கு மேலும் வெட்டும் தொழில்முறை இயந்திரங்கள் வரை அடங்கும். அமர்வுவகையில் தொழில்முறையாளர் பெரும்பாலும் நாடுவது ஜீரோ டர்ன் எனப்படும் அமைப்பாகும். இதில் பின்சக்கரம் ஒவ்வொன்றையும் தனித்தனி எண்ணெய் அழுத்த மோட்டார் சுழற்றுவதால், இரு கைப்பிடிகளை எதிரெதிராகத் தள்ளி, நின்ற இடத்திலேயே வண்டியைத் திருப்பலாம். 1960களில் கான்சஸ் மாநிலத்திலிருந்து ஹஸ்ட்லர் என்ற பெயரில் வணிகமுறையில் வெளிவந்த இவ்வமைப்பு, இன்று இத்தொழிலின் அடையாளமாகவே ஆகிவிட்டமையால், அதைப்பற்றிய நம்பிக்கைகளும் மிகுந்துள்ளன.

“அகலம் இரட்டித்தால் வருமானமும் இரட்டிக்கும்”

எல்லா நம்பிக்கைகளிலும் வேரூன்றியது இதுவே. விற்பனைக் கையேடுகளில் காணப்படும் ‘மணிக்கு இத்தனை ஏக்கர்’ என்ற எண் இதற்குத் துணைநிற்கிறது. அந்த எண் பொய்யன்று. அது பெறப்படும் முறை எளிது. மணிக்கு எத்தனை மைல் என்ற வேகத்தையும் அங்குலத்தில் வெட்டும் அகலத்தையும் பெருக்கி 99ஆல் வகுத்தால், ஒரு மணி நேரத்தில் வெட்டக்கூடிய ஏக்கர் கிடைக்கும். திரும்புதல், முன்வெட்டிய பட்டையின் விளிம்பில் சற்றே ஏறி வெட்டுதல் ஆகியவற்றுக்காக அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வது வழக்கம். இவ்வாறு பார்த்தால், மணிக்கு 4 மைல் வேகத்தில் நடந்து செலுத்தும் 36 அங்குல இயந்திரம் ஏறத்தாழ 1.16 ஏக்கரையும், 8 மைல் வேகத்தில் ஓடும் 60 அங்குல ஜீரோ டர்ன் ஏறத்தாழ 3.9 ஏக்கரையும் வெட்ட வேண்டும். மூன்று மடங்குக்கும் மேற்பட்ட இந்த வேறுபாட்டைக் கண்டு மயங்காதவர் அரியர்.

ஆனால் இக்கணக்கு திறந்தவெளிக்குரியது. கால் ஏக்கர் மனையொன்றில் வீடு, கார் நிறுத்தும் பாதை, மரத்தாலான வெளித்தளம், பூச்செடிப் பாத்தி ஆகியவை போக எஞ்சும் புல் 6,000 சதுர அடி, அதாவது 0.14 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு என்று கொள்வோம். 36 அங்குல நடைவகை அதை ஏழு நிமிடங்களில் முடிக்கும். ஜீரோ டர்ன் அதே இடத்தில் 8 மைல் வேகத்தை எட்டுவதற்குள் வேலி குறுக்கிட்டுவிடும். வேகத்தை 5 மைலாகவும், திருப்பங்களில் வீணாவதை மூன்றிலொரு பங்களவாகவும் கொண்டால், நான்கு நிமிடங்கள் ஆகும். மிச்சமாவது மூன்று நிமிடம். இதற்கு முன்னும் பின்னும் ட்ரெய்லரின் சாய்பலகையை இறக்குதல், இயந்திரத்தைக் கட்டியுள்ள பட்டைகளை அவிழ்த்தல், நைலான் நூலைச் சுழற்றி வெட்டும் ஓரவெட்டியால் சுவரோரங்களையும் மரத்தடிகளையும் வெட்டுதல், நடைபாதையில் சிதறிய புல்லை ஊதித் தள்ளுதல் ஆகிய வேலைகள் உள்ளன. அவை எந்த இயந்திரம் வாங்கினாலும் குறைவதில்லை. 1971இல் ஹூஸ்டனில் ஜார்ஜ் பல்லாஸ் உருவாக்கிய அந்த ஓரவெட்டி, சிறு மனைகளில் வேலைநேரத்தைக் குறைத்ததில் ஜீரோ டர்னைவிடக் கூடுதல் பங்காற்றியது என்று கூறினும் மிகையாகாது.

மாறாக, ஐந்து ஏக்கர் பரப்புள்ள தேவாலய வளாகத்தையோ அலுவலகப் பூங்காவையோ எடுத்துக்கொண்டால் நிலைமை தலைகீழாகிறது. முன்சொன்ன கணக்குப்படி அங்கே நடைவகைக்கு நான்கேகால் மணி நேரத்துக்கு மேலும், ஜீரோ டர்னுக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும் தேவைப்படுவதால், மூன்று மணி நேரம் முழுமையாக மிச்சமாகிறது. ஆகவே அகலத்தின் பயன் மொத்த ஏக்கரைப் பொறுத்ததன்று; அந்த ஏக்கர் எத்தனை துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது என்பதையே பொறுத்தது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு சிறு மனைகளை வெட்டுபவரும் ஒரே இடத்தில் ஏறத்தாழ இரண்டு ஏக்கரை வெட்டுபவரும் புல்லின் அளவில் நெருங்கியவர்களாயினும், இயந்திரத் தேவையில் முற்றிலும் வேறானவர்கள். முன்னவருக்கு அடுத்தடுத்த வீடுகளாகப் பார்த்து வாடிக்கையாளரைச் சேர்ப்பது தரும் ஆதாயத்தை, 10,000 டாலருக்கு மேல் விலையுள்ள எந்த வண்டியும் தருவதில்லை.

“நின்ற இடத்தில் திரும்பும் வண்டி எங்கும் நுழையும்”

திரும்புதலும் நுழைதலும் வெவ்வேறு. கொல்லைப்புற வேலிகளில் 36 அங்குலம், 48 அங்குலம் ஆகிய அகலங்களில் அமைந்த வாயில்கள் பரவலாக உள்ளன. கத்திகளை மூடியிருக்கும் டெக் எனப்படும் இரும்புக் கவிகை அதைவிட அகலமானால், எத்தகைய திறமையும் உதவாது. இதில் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்றுண்டு: இயந்திரத்தின் பெயரில் உள்ள எண் வெட்டும் அகலத்தைக் குறிப்பதேயன்றி, முழு அகலத்தைக் குறிப்பதன்று. வெட்டிய புல்லை வெளியேற்றும் பக்கவாய்த் தகடு அதற்கு அப்பால் நீண்டிருக்கும். மடக்கிய நிலையிலும் சில அங்குலம் கூடுவதுண்டு. அதனால் 36 அங்குல இயந்திரம் 36 அங்குல வாயிலில் நுழையும் என்று கருதி வாங்குவோர் பின்னர் 32 அங்குல இயந்திரத்தையும் வாங்க நேர்கிறது. தமது வழித்தடத்திலுள்ள வாயில்களை நாடா பிடித்து அளந்துவருவது, இயந்திரக் காட்சியகத்தில் செலவிடும் அரைநாளைவிடப் பயனுடையது.

“அமர்ந்து ஓட்டுவதே பாதுகாப்பானது”

கால் கத்தியின் அருகே செல்வதில்லை என்பதால் இந்நம்பிக்கை இயல்பாகத் தோன்றுகிறது. வீட்டுப் பயனுக்கான நடைவகை இயந்திரங்களைப் பொறுத்தவரை, கைப்பிடியை விட்டவுடன் கத்தி மூன்று விநாடிகளுக்குள் நிற்க வேண்டும் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1982 முதல் விதித்துள்ளமையும், முன்னர்க் கை கால் விரல்கள் எவ்வளவு எளிதில் அகப்பட்டன என்பதையே உணர்த்துகிறது. (நுகர்வோர் இயந்திரங்களுக்குரிய அவ்விதியைத் தொழில்முறை இயந்திரங்களுக்கும் பொருந்துவதாகக் கருதி, கைப்பிடியை விட்டதும் டெக்கின் கீழே கையை விடுவது ஆபத்தானது, அவற்றின் கத்திகள் மேலும் சில விநாடி சுழலக்கூடும்.) எனினும் காயம் ஒன்று, உயிரிழப்பு மற்றொன்று. அமர்வுவகை இயந்திரங்களால் நேரும் உயிரிழப்புகளில் வண்டி கவிழ்தல் முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும். பல நூறு கிலோ எடையுள்ள வண்டி சரிவில் புரண்டு ஓட்டுநர்மீது விழுந்தால் தப்புவது அரிது.

ஜீரோ டர்னில் இவ்வாபத்து தனித்தன்மை உடையது. அதன் முன்சக்கரங்கள் தாமே எத்திசையிலும் சுழலும் உருளைகளேயன்றி, வண்டிக்கு வழிகாட்டுபவை அல்ல. திருப்புவதும் நிறுத்துவதும் பின்சக்கரங்களின் வழியாகவே நிகழ்கின்றன. ஈரப்புல்லிலோ சரிவிலோ பின்சக்கரம் பிடிப்பை இழந்த கணத்தில், திசைமாற்றும் ஆற்றலும் நிறுத்தும் ஆற்றலும் ஒருங்கே போய்விடுகின்றன. சரிவின் கீழே குளமோ தாங்குசுவரோ இருந்தால் அடுத்து நிகழ்வது சொல்லாமலே விளங்கும். உற்பத்தியாளர்களின் கையேடுகள் பலவும் 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் இவ்வண்டியைச் செலுத்தலாகாது என்று எச்சரிக்கின்றன. கிடைமட்டத்தில் 100 அடிக்கு ஏறத்தாழ 27 அடி உயரும் சரிவு அது. ஓட்டுநரின் பின்னே வளைந்து நிற்கும் கவிழ்தடுப்புச் சட்டம் நிமிர்ந்த நிலையிலும் இருக்கைப்பட்டை கட்டிய நிலையிலும் மட்டுமே காக்கும். மரக்கிளைக்காகச் சட்டத்தை மடக்கிவிட்டால் பட்டையைக் கட்டலாகாது என்ற விதி, பட்டை எப்போதும் நல்லது என்று கார்களில் பழகியவர்களுக்கு முரணாகத் தோன்றும். ஆனால் சட்டம் மடங்கியிருக்கையில் பட்டை ஓட்டுநரை வண்டியோடு பிணைத்து அதன் அடியிலேயே சிக்கவைக்கும் என்பதே காரணம்.

சரிவில் செல்லும் திசையும் இருவகைக்கும் மாறுபடும். நடைவகையை ஏறியிறங்கி ஓட்டாமல் சரிவுக்குக் குறுக்காகச் செலுத்துவதே முறை; ஏனெனில் ஏறுகையில் கால் வழுக்கினால் இயந்திரம் செலுத்துபவர்மீது வரும், இறங்குகையில் வழுக்கினால் கால் டெக்கின் கீழே போகும். முன்சக்கரத்தால் திசைமாறும் புல்வெட்டு டிராக்டர்களுக்கோ மேலும் கீழுமாக ஓட்டுவது பரிந்துரைக்கப்படுகிறது. ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் ஏறும்போது இந்தப் பழக்கமே பகையாகலாம். சாலையோரக் கரைகளும் மழைநீர் வடிகால் சரிவுகளும் மிகுந்த வழித்தடத்தில் நடைவகை மெதுவானது என்று குறைகூறுவது, இவ்விடத்தில், விவரமறியாப் பேச்சாகும்.

“சிறிய இயந்திரமே புல்லை நேர்த்தியாக வெட்டும்”

வாடிக்கையாளர் பலர் பெரிய வண்டியைக் கண்டதும் முகம் சுளிப்பதால், தொழில்முனைவோரும் இதை நம்பத் தலைப்படுகின்றனர். உண்மையில் 60 அங்குல டெக்கின் கீழே ஐந்தடிக் கத்தி ஏதும் இல்லை. 21 அங்குலத்தை ஒட்டிய நீளமுள்ள மூன்று கத்திகளே அருகருகே சுழல்கின்றன, அதாவது வீட்டு இயந்திரத்திலுள்ள கத்தியையொத்த மூன்று. அமெரிக்கத் தரநிர்ணயம் கத்திமுனையின் வேகத்துக்கு நிமிடத்துக்கு 19,000 அடி என்ற உச்சவரம்பை வகுத்துள்ளதால், அந்த வகையிலும் பெரிய வேறுபாட்டுக்கு இடமில்லை. புல்நுனி கிழிந்து பழுப்பேறுவது கத்தி மழுங்கியதாலும், கத்தி வெட்டக்கூடியதைவிட விரைவாக வண்டியை ஓட்டுவதாலும், ஒரே முறையில் உயரத்தின் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டுவதாலும் நேர்வது.

இருப்பினும் அச்சுளிப்பில் நியாயம் சிறிதும் இல்லை என்று சொல்வதற்கில்லை. எடை புல்லை அழுத்தும் என்ற கவலை புல்வெட்டியின் வரலாற்றுக்கு இணையான பழமையுடையது. 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் நகரில் எட்வின் பட்டிங் காப்புரிமை பெற்ற உருளைவெட்டி பின்னர்ப் பெருத்து, குதிரை இழுக்கும் அளவை எட்டியபோது, குளம்புத்தடம் பதியாதிருக்கக் குதிரைகளுக்குத் தோலுறை அணிவித்தனர். இன்றைய ஜீரோ டர்னில் தடம் பதிப்பது பெரும்பாலும் திருப்பமே: ஒரு சக்கரத்தை நிறுத்தி மற்றொன்றைச் சுழற்றித் திரும்பினால், நின்ற சக்கரத்தின் கீழுள்ள புல் வேரோடு முறுக்கிப் பிடுங்கப்படும். இரு சக்கரங்களும் உருண்டுகொண்டே இருக்குமாறு முன்னும் பின்னும் நகர்ந்து மும்முனைத் திருப்பம் செய்பவரின் வேலையில் இக்குறை தோன்றுவதில்லை. மேடுபள்ளமான தரையில் அகன்ற டெக் மேட்டின் உச்சியைச் சிரைத்துவிடுவதும் உண்மை. அங்கே குறுகிய டெக்கே தரையின் வளைவைப் பின்பற்றும்.

“நாள் முழுதும் நடந்தால் உடல் தாங்காது”

ஓர் ஏக்கரை 21 அங்குல இயந்திரத்தால் வெட்ட 7.6 கிலோமீட்டர் நடக்க வேண்டும். 36 அங்குலமாயின் 4.4 கிலோமீட்டர். முன்சொன்ன பன்னிரண்டு மனைகளை 36 அங்குல இயந்திரத்தால் முடிப்பவர் நாளொன்றுக்கு எட்டுக் கிலோமீட்டரை ஒட்டி நடப்பார். ஆகஸ்டு வெயிலில் அது சிறு சுமையன்று, எனினும் தாங்கவொண்ணாததுமன்று. அமர்வுவகையிலும் உடல் ஓய்வெடுப்பதில்லை. கரடுமுரடான தரையில் மணிக்கணக்காக அமர்வோரின் முதுகெலும்பு அதிர்வுகளை வாங்குகிறது என்பதனாலேயே சுருள்வில் தாங்கிகளோடு கூடிய இருக்கைகள் கூடுதல் விலைக்கு விற்கப்படுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே, நடைவகையின் பின்னே பூட்டி நின்றுகொண்டு செல்லும் சிறு சக்கரப் பலகையும், இயந்திரத்தோடு இணைந்த மேடைமீது நின்று ஓட்டும் நிலைவகையும் உண்டு. நிலைவகையில் சரிவு ஆபத்தாகத் தோன்றிய கணத்தில் பின்னோக்கி இறங்கிவிடலாம். நீளமும் குறைவாதலால் ட்ரெய்லரில் இடம் மிஞ்சும். இருவகையுள் ஒன்று என்று கேள்வியைக் குறுக்கிக்கொள்வோர் இந்த மூன்றாம் வழியைக் காணத் தவறுகின்றனர்.

“கலிபோர்னியாவில் பெட்ரோல் புல்வெட்டிகளுக்குத் தடை”

அம்மாநிலக் காற்றுவள வாரியம் 2021 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட விதி, ஏற்கெனவே உள்ள இயந்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுக்கவில்லை. 2024 மாதிரி ஆண்டிலிருந்து விற்பனைக்காக உற்பத்தியாகும் புதிய சிறு எஞ்சின்கள் புகையே வெளியிடாதிருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். சிறு எஞ்சின் என்பது 19 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 25 குதிரைத்திறனுக்கு மேற்படாதது. தள்ளு இயந்திரங்களும் 36 அங்குல நடைவகைகளும் இவ்வரம்புக்குள் அடங்கிவிடுகின்றன. பெரிய ஜீரோ டர்ன்களில் பலவற்றின் எஞ்சின்களோ அதைத் தாண்டியவை. ஆகவே அங்கே புதிதாகத் தொழில் தொடங்குபவருக்குச் சிறிய இயந்திரம் என்பது மின்கலத்தையும், மதிய உணவு நேரத்தில் அதை மின்னேற்றும் வசதியையும் சேர்த்தே கணக்கிட வேண்டியதாகிறது.