இஸ்துக்கினு வந்த சொற்கள்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம். மீன் கூடையைத் தரையோடு இழுத்துவருபவர், ‘தோ, இஸ்துக்கினு வர்றேன்’ என்று குரல் கொடுக்கிறார். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இன்றும் உண்டு. வடசென்னையின் பேச்சைப் பற்றி ஊருக்குள் உலவும் சில நம்பிக்கைகளைச் சரிபார்க்க, இந்த ஒரு சொல்லே நல்ல தொடக்கம்.

நம்பிக்கை: மெட்ராஸ் பாஷை என்பது பிறமொழி கலந்து கெட்டுப்போன தமிழ்.

கலந்தது உண்மை, கெட்டது பொய். நாஸ்தா, பேஜார், உஷார், கலீஜ் எல்லாம் உருது வழி வந்தவை; நைனா தெலுங்கு. ஆனால் ‘நாஸ்தா துன்னுகினு கீறான்’ என்ற வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள். நாஸ்தா ஒன்றுதான் விருந்தாளி. ‘துன்னு’ தின்று, ‘கினு’ கொண்டு, ‘கீறான்’ இருக்கிறான். இழுத்து என்பதுதான் ‘இஸ்து’ ஆகியிருக்கிறது. ‘அப்பால வா’ என்பதில் உள்ள அப்பால் பழைய தமிழ்ச் சொல். வினையும் எச்சமும் வேற்றுமையும் அத்தனையும் தமிழ். ‘கினு’வைச் செங்கல்பட்டிலும் ஆற்காட்டிலும்கூடக் கேட்கலாம்.

எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். துட்டு அவர்களுடைய காசின் பெயர். போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற ஜன்னலும் சாவியும் மேஜையும் படித்தவர் வீட்டில் கௌரவமாகவே இருக்கின்றன. நாஸ்தாவுக்கு மட்டும் ஏன் இந்த ஏளனம்? அதைச் சொல்பவர் மூட்டை தூக்குகிறார், வலை இழுக்கிறார் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் சுவாஹிலியை அரபிக் கலவை என்று சொல்லி ஒதுக்கியவர்கள் இருந்தார்கள். ஆறு, ஏழு, ஒன்பது என்ற எண்களுக்கே அது அரபுச் சொற்களைத்தான் வைத்திருக்கிறது. இலக்கணமோ முழுக்க முழுக்க பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மொம்பாசாவில் மேஜை ‘மேசா’, பீப்பாய் ‘பீப்பா’. இங்கே அந்தச் சொற்களை இறக்கிய போர்ச்சுகீசியர்களே அங்கேயும் இறக்கியிருக்கிறார்கள். கடைக்கு ‘டூகா’, வண்டிக்கு ‘காரி’ என்பவை இந்தியாவிலிருந்து போனவை. அந்தச் சுவாஹிலி இன்று தான்சானியாவிலும் கென்யாவிலும் ஆட்சிமொழி.

நம்பிக்கை: ஒரு காலத்தில் இங்கே தமிழ் மட்டும்தான் கேட்டது.

எந்தக் காலத்தில்? தியாகராஜர் திருவொற்றியூர் வந்து திரிபுரசுந்தரி மீது பாடிய ஐந்து கீர்த்தனைகளும் தெலுங்கு. ராயபுரத்தில் 1910இல் எழுந்த அக்கினிக் கோயில், குஜராத்தி பேசும் பார்சிகளுடையது. துறைமுகம் இருக்கும் ஊரில் ஒரே மொழி மட்டும் கேட்டால்தான் ஆச்சரியம்.

நம்பிக்கை: எண்ணூர், மணலி ஆலைகளுக்கு வேலை தேடி வருகிறவர்கள் எல்லாம் ‘இந்திக்காரர்கள்’.

அதிகம் புண்படுத்துவது இந்த நம்பிக்கைதான். ஒடிசாவிலிருந்து வருபவரின் தாய்மொழி ஒடியா. 2014இல் அதற்குச் செம்மொழித் தகுதி கிடைத்தது. மேற்கு வங்கத்தவருக்கு வங்காளம். பீகாரில் மைதிலியும் போஜ்புரியும் வீட்டுமொழிகள். ஜார்க்கண்டில் சந்தாலி பேசும் பழங்குடிகள் உண்டு; ‘ஒல் சிக்கி’ என்று தனக்கென ஓர் எழுத்து வைத்திருக்கும் அந்த மொழி, 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால் எட்டாம் அட்டவணையில் சேர்ந்தது. இவர்களில் பலருக்கு இந்தி, வேலைத்தலத்துக்கான இரண்டாவது அல்லது மூன்றாவது மொழி. தான்சானியத் தொழிலாளி வீட்டில் தன் இனத்தின் மொழியையும் சந்தையில் சுவாஹிலியையும் பேசுவதைப் போன்றதே இது. அவரை யாரும் ஒருமொழிக்காரர் என்பதில்லை.

நம்பிக்கை: இத்தனை மொழிகள் காதில் விழுந்தால் குழந்தை குழம்பிப்போகும், பேச்சு தாமதமாகும்.

குழம்பாது. யாரிடம் எந்த மொழி என்பதைக் குழந்தை மிகச் சிறு வயதிலேயே பிரித்தறிகிறது. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலக்கும்போதுகூட ஒழுங்கோடுதான் கலக்கிறது. ஒடியா பேசும் வீட்டுப் பிள்ளை திருவொற்றியூர்ப் பள்ளியில் ஒரு வருடம் படித்தால் போதும். மருந்துக்கடையில் அம்மாவுக்காகத் தமிழில் கேட்கும், பதிலை ஒடியாவில் சொல்லும், கிளம்பும்போது கடைக்காரரிடம் ‘அப்பால வர்றேன்ணா’ என்றும் சொல்லும்.