நூல் வேட்கை

பாலாற்றங்கரையில் அமைந்த வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலாற் பெயர் பெற்றவை. இந்நிலப்பகுதி 2019ஆம் ஆண்டு முதல் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்துள்ளது. ஆயினும் தொழில் ஒன்றே. பண்டு இவ்வூர்களில் தோலைப் பதப்படுத்த ஆவிரம் பட்டையே பெரிதும் பயன்பட்டது. ஆவிரை வறண்ட நிலத்தில் தானே வளர்ந்து, பொன் போலப் பூத்துக் குலுங்கும் செடி. சங்கப் புலவர்கள் இப்பூவை அறிவர். காதல் மிக்கு, நாணம் துறந்து, மடலேறத் துணிந்த தலைவன் சூடும் பூக்களுள் ஆவிரையும் ஒன்று. தன் வேட்கையைத் தானே அடக்க மாட்டாதவனுக்கு உரிய பூ அது. அதன் பட்டை பிற்காலத்தில் நூல்களின் மேலுறைக்குத் துணையாயிற்று. நூல்களைச் சேர்ப்போருள்ளும் வேட்கையை அடக்க மாட்டாதவர் உளர். அவர்களுள் இருவரைப் பற்றியதே இப்பாடம்.

ஆவிரம் பட்டையிட்டுக் கடுக்காய் நீர் ஊட்டிய ஆட்டுத் தோல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்தின் வழியாக இலண்டன் சந்தைக்குச் சென்றன. மெல்லியனவும் விலை குறைந்தனவுமாக இருந்தமையால் நூல் கட்டுவோர் அவற்றை விரும்பி வாங்கினர். சில ஆண்டுகள் சென்றபின் நூலகங்களில் ஒரு கேடு தோன்றிற்று. அலமாரியினின்றும் ஒரு நூலை எடுப்பவன் விரல்களிற் செந்தூள் ஒட்டிக்கொண்டது. தொட்ட இடமெல்லாம் மேலுறை பொடியாக உதிர்ந்தது. இதன் காரணத்தை ஆராய இலண்டனில் கலைக் கழகம் ஒரு குழுவை அமைத்தது. 1901இல் அக்குழு தந்த அறிக்கை, ஆவிரம் பட்டையாற் பதனிட்ட இந்தியத் தோல் ஒளியாலும் விளக்கெரிக்கும் வாயுவின் புகையாலும் விரைந்து கெடுவது என்று கண்டது. இது பதனிட்டவர் குற்றம் அன்று. காலணிக்கும் பைக்கும் ஏற்ற தோலை, நூற்றாண்டுகள் நிற்கவேண்டிய நூலுக்குப் போர்த்தியவர் குற்றமே. இன்று ஆவிரம் பட்டையின் இடத்தை வாட்டில் பட்டையும் குரோம் உப்பும் பெரிதும் கைக்கொண்டுவிட்டன. ஆம்பூரின் தோல் காலணியாகிக் கடல் கடக்கின்றது.

தோல் என்னும் சொல்லுக்கே தமிழில் நூலோடு ஓர் உறவு உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் எண்வகை வனப்புகளுள் ஒன்றன் பெயர் தோல். அம்மை, அழகு, தொன்மை என்பவற்றோடு அது வைத்து எண்ணப்படுகின்றது. விழுப்பொருளை இனிய சொல்லாற் கூறும் செய்யுள் அப்பெயர் பெறும்.

மேலைநாட்டிலோ தோல் நூலின் மேலுறை மட்டும் அன்று; நூலின் ஏடே தோல்தான். அச்சுத் தோன்றுவதற்கு முன்னர், கன்றின் தோலையும் ஆட்டின் தோலையும் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி உலர்த்தி, அதன்மேல் எழுதினர். அச்சு நூல்கள் மலிந்த பின்னர் அத்தோற் சுவடிகளை மதிப்பார் குறைந்தனர். பசை காய்ச்சுவோர் அவற்றை வாங்கிக் கொதிக்கும் கொப்பரையில் இட்டனர். பொன் தகடு தட்டுவோர் தகடுகளுக்கு இடையில் வைக்க அவற்றைத் துண்டு செய்தனர். இவ்வழிவைக் கண்டு பொறாதவர் தாமசு பிலிப்சு என்னும் ஆங்கிலச் செல்வர். 1792இற் பிறந்த இவர், துணி வாணிகத்தாற் பொருள் ஈட்டிய தந்தையின் செல்வத்தை எய்தியவர். சுவடி வாங்குவதில் இவருக்கு அளவில்லை. உலகில் உள்ள ஒவ்வொரு நூலிலும் ஒரு படி தம்மிடம் இருத்தல் வேண்டும் என்று விரும்பினார். ஏறத்தாழ 60,000 கையெழுத்துச் சுவடிகள் அவரிடம் சேர்ந்தன. அச்சு நூல்கள் வேறு.

பிலிப்சின் இல்லத்தில் மனிதர் வாழும் இடம் நாளுக்கு நாள் சுருங்கிற்று. கூடத்திலும் நடைவழியிலும் படுக்கையறையிலும் பெட்டிகள் அடுக்கப்பட்டன. தீப்பற்றினால் தூக்கிக்கொண்டு ஓடுதற்கு ஏற்ற வகையில், முன்புறம் திறக்கும் நீண்ட பெட்டிகளிலேயே அவர் நூல்களை வைத்திருந்தார். இவ்வளவு முன்னறிவு உடையவர் கடன் கொடுத்தாரை மட்டும் எண்ணவில்லை. புத்தக வணிகர் பலர் அவரிடம் பணம் பெறாது அலைந்தனர். மூத்த மகள் 1842இல் தந்தையின் இசைவின்றி ஓர் அறிஞரை மணந்தாள். அவளை அவர் இறுதிவரை மன்னிக்கவில்லை. தமக்குப் பின் தம் மாளிகை அவளைச் சேரும் என்பதை அறிந்து, அதனைப் பாழ்படவிட்டு, நூறு வண்டிகளுக்கு மேல் அமர்த்தித் தம் நூல்களை வேறோர் ஊருக்குக் கொண்டுசென்றார். அறுபதினாயிரம் சுவடிகளைக் காத்தவரால் ஒரு மகளை இழக்க முடிந்தது. தம் தொகுதியைப் பொது நூலகத்துக்கு வழங்க அவர் எண்ணியதுண்டு. ஆனால் அவர் விதித்த கட்டுப்பாடுகளை எந்த நிறுவனமும் ஏற்க இயலவில்லை. 1872இல் அவர் மறைந்தார். அத்தொகுதி சிறிது சிறிதாக ஏலத்தில் விற்கப்பட்டது. முற்றும் விற்றுத் தீர நூறு ஆண்டுகள் போதவில்லை.

நம் நாட்டு மரபு வேறு. ஆசிரியனிடம் பாடம் கேட்ட மாணவனுக்கு நூல் நெஞ்சில் இருந்தது. சுவடி ஐயம் தீர்க்கும் துணையாக மட்டுமே இருந்தது. ஒரு சுவடியை வைத்துக்கொண்டு ஊர் முழுதும் படித்த காலமும் உண்டு. ஆகவே, படிப்பதற்கு மேலாக நூல் சேர்ப்பவனைப் பழம் புலவர்கள் நன்கு மதித்திரார். அவர்கள் மதியாமைக்கு நியாயமும் உண்டு. எனினும் நெஞ்சில் வைத்தவன் மறைந்தபோது நூலும் உடன் மறைந்தது. வீட்டில் எஞ்சிய ஏடுகள் ஆற்றுக்கும் அடுப்புக்கும் போயின. அவற்றுள் எஞ்சியவற்றை ஊர் ஊராகத் தேடித் தொகுத்த உ. வே. சாமிநாதையரின் உழைப்பைத் தமிழுலகம் அறியும். 1942இல் அவர் மறைந்தார். மறு ஆண்டில் அவர் பெயரால் அமைந்த நூலகம் அவர்தம் சுவடிகளைக் காத்து வருகின்றது.

1835இல் அச்சகம் நடத்தும் உரிமை இந்தியர்க்குத் தடையின்றிக் கிட்டியது. அதன் பின்னர் அச்சு நூல்கள் பெருகின. இவற்றின் நிலை ஏட்டுச் சுவடியினும் இரங்கத்தக்கது. மலிவான தாள் சில பத்தாண்டுகளில் மஞ்சளித்து ஒடியும். ஏட்டைத் தேடுவதற்குப் புலவர் இருந்தனர். காலணாப் புத்தகத்தை யார் தேடுவார்? நாடகப் பாட்டு, கொலைச் சிந்து, வெள்ளக் கும்மி, இரயில் விபத்தைப் பற்றிய பாட்டு என்று சந்தையிலும் தெருமுனையிலும் விற்ற சிறு நூல்கள் அவை. கற்றறிந்தார் அவற்றைக் கையால் தொடவும் கூசினர்.

அவற்றையும் தேடினார் ஒருவர். சிவகங்கை மாவட்டத்துக் கோட்டையூரைச் சேர்ந்த முத்தையா செட்டியார் ஓவியக் கலைஞர். சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் தொழிலகம் ஒன்றை நடத்தினார். அதன் பெயரில் இருந்த 'ரோஜா' என்னும் சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1950ஆம் ஆண்டளவில் தொடங்கிய நூல் வேட்கை அவரை வாழ்நாள் முழுதும் விட்டபாடில்லை. அந்நாளில் சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்கள் குவிந்து கிடந்தன. 1985இல் தீயினால் அழியும் வரையில் அவ்விடம் நூல் விரும்பிகளின் வேடந்தாங்கலாக விளங்கிற்று. பறவைகள் அங்கே ஆண்டுக்கு ஒரு முறை வரும். இவர்கள் வாரந்தோறும் வந்தனர் என்பதே வேறுபாடு.

முத்தையா நூல் மட்டும் சேர்த்தாரல்லர். இதழ், நாடக விளம்பரத் துண்டு, கடிதம், திருமண அழைப்பிதழ் முதலியவற்றையும் சேர்த்தார். எது இலக்கியம், எது குப்பை என்று பிரிக்கும் வேலையில் அவர் இறங்கவில்லை. திருமணம் முடிந்த மறுநாள் அழைப்பிதழுக்கு என்ன பயன் என்று கேட்போர்க்கு அன்று விடை கூறுவது எளிதாக இருந்திராது. புலமை மிக்க ஒருவர் அவ்விடத்தில் இருந்திருப்பின், நல்லனவற்றை மட்டும் தேர்ந்து, காலணாப் புத்தகங்களைக் கழித்திருப்பார். அவ்வாறு கழித்திருந்தால், நூறாண்டுக்கு முன் எளிய மக்கள் எதைப் பாடினர், எந்த நாடகத்தைக் கண்டனர், எதற்கு அஞ்சினர் என்பவற்றை அறியும் வாயில்களுட் பல அடைபட்டிருக்கும். இன்று ஆராய்வோர் ஆவலோடு தேடுவன அச்சிறு நூல்களையே. கற்றோரின் தேர்வு அல்லாத ஒன்று கற்றோர்க்கே உதவிற்று. இதனை ஒப்புக்கொள்வதிற் புலவர்க்கு இழுக்கில்லை.

பிலிப்சைப் போல முத்தையாவுக்குப் பரம்பரைச் செல்வம் கைகொடுத்திலது. எனினும் இருவர்க்கும் உள்ள பெருவேறுபாடு பொருளில் அன்று. பிறர்க்கென்று வாயிலைத் திறந்ததிலேயே அது உளது. கோட்டையூரில் அவர் சேர்த்து வைத்தவற்றை நாடி ஆராய்ச்சியாளர் வந்தனர். வந்தோர்க்கு அவர் நூல்களை எடுத்துத் தந்தார். அவ்வாறு பயன் கண்டவர்களுள் கடல் கடந்து வந்தவரும் இருந்தனர். அதனாலேயே 1992இல் முத்தையா மறைந்தபோது, அத்தொகுதி சிதறிவிடுமே என்ற கவலை அயல்நாட்டிலும் எழுந்தது. ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள் ஒரு வீட்டில் இருந்தன. கறையானும் காலமும் காத்திருப்பதில்லை. அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகம் அவற்றைக் குடும்பத்தாரிடமிருந்து விலைக்குப் பெற்றது. பெற்ற நூல்களைத் தன் நாட்டுக்குக் கொண்டுசெல்லவில்லை. நூல்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கவும், நுண்படச் சுருளில் எடுத்த படிகளைத் தான் பெற்றுக்கொள்ளவும் வழி செய்தது. விலை கொடுத்தவன் பொருளை விற்றவன் நாட்டிலேயே விட்டுச் செல்வது வாணிகத்திற் காண்பதற்கு அரிது.

1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருப்பெற்றது. முதலில் முகப்பேரில் இருந்த அது இப்போது தரமணியில் இயங்குகின்றது. அங்கே நூல்கள் ஒவ்வொன்றாகத் தூசு தட்டப்பட்டு, பட்டியலிடப்பட்டு, படமெடுக்கப்படுகின்றன. கோட்டையூரிலிருந்து வந்தவற்றோடு அந்நூலகம் அமைந்துவிடவில்லை. வேறு பலர் தம் வீடுகளிற் சேர்த்து வைத்த தொகுதிகளும் அங்கு வந்து சேர்ந்து, முதலில் இருந்ததைப் போலப் பன்மடங்காகப் பெருகியுள்ளன. முத்தையாவிடம் இருந்த வேட்கை அந்நிலையத்தையும் பற்றிக்கொண்டது போலும். அலமாரிகளுக்கு இடம் தேடும் கவலை அங்கும் இருந்துகொண்டே இருக்கின்றது.