பழைய கணினிக்குப் புதிய வேகம்

பெங்களூரு எஸ்.பி. சாலை, கணினி உதிரிப் பாகங்களுக்குப் பெயர் பெற்றது. பழைய கணினியைக் கழிக்கும் முன் அங்குச் சென்று வரலாம்.

மேசைக் கணினியின் வன்தட்டு பொதுவாக நிமிடத்திற்கு 7200 முறை சுழலும். தேவையான தகவல் சுழன்று வரும்வரை படிமுனை காத்திருக்கும். எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் பகுதியே இல்லை. எனவே, காத்திருப்பு மிகக் குறைவு.

பொருத்தும் முறை (பெரியோர் துணையுடன் செய்க)

1. கோப்புகளைப் படியெடுத்து வைக்கவும்.
2. கணினியை அணைத்து மின்கம்பியைக் கழற்றவும்.
3. சேமிப்பகத்தைச் சாட்டா வடத்தாலும் மின்வடத்தாலும் இணைக்கவும்.
4. இயங்குதளத்தை அதில் நிறுவவும்.

பழைய வன்தட்டு கோப்புகளைச் சேமிக்க உதவும். மின்கழிவும் குறையும்.

சொற்பொருள்: வடம் – கம்பிக்கயிறு, கழித்தல் – வேண்டாமென ஒதுக்குதல்.

வினா: வன்தட்டு ஏன் காலம் தாழ்த்துகிறது?