வாசலுக்கு அடியில்

கண்ணு, சிங்கவரத்தில் உனக்கு முதல் வேலை கிடைத்திருப்பதாக உன் அம்மா சொன்னாள். ரங்கநாதர் மலையடிவாரத்தில் ஒரு வீடு, கார் நிற்கிற முன்வாசல், மேலே பேவர் கல், மழைத் தண்ணீர் தெருவுக்கு ஓடாமல் அங்கேயே இறங்க வேண்டும். நல்ல ஆசை. கல்லின் நிறத்தையும் டிசைனையும் பற்றிச் சொல்ல உனக்கு ஆயிரம் பேர் வருவார்கள். அடியில் போடுவதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

1. மண்ணைக் கேட்காமல் ஜல்லிக்குச் சொல்லிவிடாதே. ஜல்லி எந்த ஆழத்தில் உட்காரப் போகிறதோ, அந்த ஆழத்துக்கும் கீழே ஒரு முழம் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பு. காய்ந்த மண் முதல் தண்ணீரை ஆசையாகக் குடிக்கும், அதைப் பார்த்து ஏமாறாதே. வற்றியதும் மறுபடி நிரப்பு. அது எவ்வளவு நேரத்தில் இறங்குகிறதோ அதுதான் கணக்கு. செம்மண்ணாக இருந்தால் உனக்கு அதிர்ஷ்டம். ஏரிக்கரைப் பக்கத்துக் களிமண்ணாக இருந்தால் மறுநாளும் தண்ணீர் அப்படியே நிற்கும். மலையடிவாரத்தில் இன்னொன்றும் நடக்கும்: ஓரடி போவதற்குள் கடப்பாரை பாறையில் முட்டும். அப்போது பிடிவாதம் வேண்டாம். பக்கத்துச் செஞ்சிக் கோட்டைக்காரர்கள் பாறைக்குள் தண்ணீரை இறக்கப் பார்க்கவில்லை. வழிந்து வருவதைக் குளங்களில் தேக்கி வைத்தார்கள். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை அந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. உள்ளே தண்ணீர் இல்லாமல் அத்தனை வருஷம் ஒரு கோட்டை தாங்குமா? பாறை முட்டினாலும் களிமண் தடுத்தாலும் ஜல்லிக்கு அடியில் துளை போட்ட பிவிசி பைப்பைப் பதித்து, வாட்டம் கொடுத்து, தண்ணீரைக் கிணற்றுக்கோ தோட்டத்துக்கோ கொண்டு போ. அதுவும் முடியாத இடமென்றால் "இங்கே இது சரிவராது" என்று சொல்லிவிட்டு வா. வேலை போகும், பேர் போகாது.

2. நீ விற்கப் போவது ஜல்லியை அல்ல, ஜல்லிக்கு நடுவே இருக்கும் காலியிடத்தை. பழைய மேஸ்திரிகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். கிராவல் கொட்டி, வெட்மிக்ஸ் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, ஊசி நுழையாதபடி இறுக்குவதுதான் அவர்கள் கற்ற வேலை. ரோட்டுக்கு அது சரியான வேலையும்கூட, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் இருக்கும் தூள் எல்லாச் சந்தையும் அடைத்துவிடும். தூள் இல்லாத ஜல்லியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெறும் இடம். 30 செ.மீ. கனம் போட்டால் 10 செ.மீ. மழையை அது வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மண்ணுக்குக் கொடுக்கும்.

3. லோடு வந்ததும் டிரைவரின் முகத்தைப் பார்க்காதே, ஜல்லியைப் பார். ஒரு பக்கெட் தண்ணீரில் நாலு கை ஜல்லி போட்டுக் கலக்கு. தண்ணீர் சாந்து மாதிரி குழம்பினால் திருப்பி அனுப்பு, அது முடியாவிட்டால் கழுவிப் போடு. "எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க தம்பி" என்பார்கள். வயதில் சின்னவன் என்றால் கொஞ்சம் அதட்டியும் பார்ப்பார்கள். நீ குரலை உயர்த்த வேண்டாம், பக்கெட்டைக் காட்டு. செங்கல் ஜல்லி, உருண்டைக் கூழாங்கல் இரண்டும் வேண்டாம். முன்னது நொறுங்கும், பின்னது உருளும். உடைத்த கருங்கல்லின் முனைகள்தான் ஒன்றையொன்று பிடித்து நிற்கும்.

4. அடியில் ஒன்றரை அங்குல ஜல்லி 20 செ.மீ., அதன்மேல் முக்கால் அங்குல ஜல்லி 10 செ.மீ., பேவர் கல் உட்கார சிப்ஸ் என்கிற பொடிக்கல் 5 செ.மீ. கார் வாசலுக்கு இது போதும். லாரி வருமென்றால் கனத்தைக் கூட்டு. மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணி விரி. தண்ணீர் இறங்காத தார்ப்பாயை விரித்துவிட்டு "அதுவும் துணிதானே" என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெட்டிய பள்ளத்துக்குள் ஜேசிபியை உலாவ விடாதே, மண் இறுகிவிடும். சிப்ஸுக்குப் பதில் எம்-சாண்ட் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, கல் இடுக்கிலும் சிப்ஸ்தான். சுற்றிலும் ஓரக்கல்லைக் கான்கிரீட்டில் நிறுத்து.

5. வாக்கைக் குறைத்துக் கொடு. ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது, 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த ஒரே நாளில், நம் மாவட்டத்து மயிலத்தில் 51 செ.மீ. மழை கொட்டியது. உன் வாசலோ 10 செ.மீ.தான் தாங்கும். ஆகவே மிஞ்சியது போக ஒரு வழியை முதலிலேயே வைத்துவிடு. அந்த வழி வீட்டு அஸ்திவாரத்தின் பக்கம் திரும்பக் கூடாது. மலையிலிருந்து வரும் சேற்றுத் தண்ணீரும் வாசலுக்குள் நுழையக் கூடாது, ஒரே மழைக்காலத்தில் சந்தெல்லாம் அடைந்துவிடும். மேல் பக்கத்தில் சின்னதாக ஒரு கால்வாய் வெட்டித் திருப்பிவிடு.

6. தண்ணீர் இறங்கும் வாசலைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் கேலி செய்வார், செய்யட்டும். இங்கிலாந்தில் 2008 முதல், வீட்டு முன்பக்கம் ஐந்து சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத தரை போட்டு மழைநீரைத் தெருவுக்கு விடுவதென்றால் அனுமதி வாங்க வேண்டும். நம் அரசு 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அப்போது வெட்டிய குழிகள் பல இன்று குப்பைத் தொட்டிகளாகக் கிடக்கின்றன. வெட்டியவன் பராமரிப்பைச் சொல்லித் தராமல் போனதும் அதற்கு ஒரு காரணம். நீ சொல்லிவிட்டு வா: வாரம் ஒருமுறை பெருக்க வேண்டும், இதன்மேல் மணல் கொட்டக் கூடாது, சிமென்ட் கலவை போடக் கூடாது, இடுக்கு அடைந்தால் சிப்ஸைக் கிளறி எடுத்துப் புதிதாக நிரப்ப வேண்டும்.

7. கல் பதிக்கும் முன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஜல்லியைக் காட்டு. கனத்தை டேப் வைத்து அவரே அளக்கட்டும். ஒரு டிரம் தண்ணீரை அவர் கையாலேயே கொட்டச் சொல். போட்டோ எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். ஆள் கூலியையும் ஜல்லிப் பணத்தையும் அன்றைக்கே வாங்கிவிடு. உன் கூலியில் கொஞ்சத்தை மட்டும் ஒரு ஐப்பசி மழை பார்த்த பிறகு வாங்கிக்கொள்.